வெள்ளி யானையும் வெடித்த செம்பும்: லிவிங்ஸ்டன் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஜாம்பியாவின் தெற்கு எல்லையில், விக்டோரியா அருவிக்கு அருகே இருக்கும் லிவிங்ஸ்டன் நகரில் இந்தப் பட்டறை நடக்கிறது. ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் சிறிய இடம். செம்புத் தகட்டை அடித்து எழுப்பிய கிண்ணங்கள், தாம்பாளங்கள், மூடி போட்ட பரிமாறும் பாத்திரங்கள்தான் இங்கே செய்யும் சரக்கு. அவற்றின் கைப்பிடிகளும் மூடிக் குமிழ்களும் வெள்ளியில் வார்த்த விலங்குகள்: யானை, சிறுத்தை, காட்டுநாய், கூடூ மான், அழுங்கு எனும் எறும்புதின்னி.

பட்டறை முதலாளி ஐம்பதைத் தாண்டியவர். நாட்டின் செம்புச் சுரங்கங்கள் நிறைந்த காப்பர்பெல்ட் பகுதியில், அரசுச் சுரங்க நிறுவனத்தின் கொதிகலன் பிரிவில் தகட்டு வேலை கற்றவர். 1990களின் பிற்பகுதியில் அந்த நிறுவனம் பிரித்துத் தனியாருக்கு விற்கப்பட்டபோது வேலை இழந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். மெழுகில் விலங்குகளை வடிப்பவர் அவரைவிட இருபது வயதேனும் இளையவரான ஒரு பெண். தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவின் வாசலில் இருக்கும் ம்ஃபுவே ஊரில் வளர்ந்தவர். வயலுக்குள் யானை இறங்கும் ஊர் அது. படத்தைப் பார்த்து விலங்கு செய்பவருக்கும் விலங்கோடு வளர்ந்து செய்பவருக்கும் உள்ள வேறுபாடு இவர் கைவேலையில் தெரியும். ஆப்பிரிக்க யானையின் துதிக்கை நுனியில் விரல்போன்ற இரண்டு நீட்சிகள் உண்டு, ஆசிய யானைக்கு ஒன்றுதான். கடைகளில் விற்கும் 'ஆப்பிரிக்க' யானை பொம்மைகள் பலவற்றில் நுனி ஒற்றை விரலாகவே இருக்கும். இவர் செய்ததில் அந்தத் தவறு ஒருபோதும் இருந்ததில்லை. காட்டுநாயின் முன்காலில் மற்ற நாயினங்களைப் போல ஐந்து விரல்கள் இல்லை, நான்கே என்பதையும் அவர் விட்டதில்லை.

செம்பும் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. ஜாம்பியாவின் ஏற்றுமதியில் முதலிடம் செம்புக்குத்தான். ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சிலுவை வடிவில் வார்த்த செம்புக் கட்டிகள் இங்கே செல்வமாகக் கைமாறின. சாம்பெசி ஆற்றுப் பள்ளத்தாக்கின் இங்கொம்பே இலேடே என்ற இடத்தில் 1960ல் தோண்டும்போது வெளிப்பட்ட கல்லறைகளில் அத்தகைய கட்டிகளும், செம்புக் கம்பியும், கம்பி இழுக்கும் இரும்புக் கருவிகளும் கிடைத்தன. செம்பு வேலையை இந்த நிலத்துக்கு வெளியார் யாரும் கொண்டுவந்து சேர்க்கவில்லை என்று முதலாளி அடிக்கடி சொல்வார். அவர் சொல்வது சரிதான்.

2024 தொடக்கத்தில், சாம்பெசிக் கரையில் புதுப்பித்துத் திறக்கவிருந்த ஒரு சஃபாரி விடுதி 48 பரிமாறும் கிண்ணங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வெள்ளிக் கைப்பிடிகள், உள்ளே வெள்ளீயப் பூச்சு. பட்டறைக்கு அதுவரை வந்ததில் மிகப் பெரிய வேலை அதுதான். ஆர்டரோடு ஒரு நிபந்தனையும் வந்தது: செம்பு எங்கிருந்து வாங்கப்பட்டது என்பதற்குச் சீட்டு வேண்டும். மின்கம்பிகளைத் திருடி உருக்கி விற்பது அங்கே தீராத தொல்லை. திருட்டுச் செம்பில் செய்த பாத்திரம் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்று விடுதி எண்ணியது நியாயமே.

அதுவரை பட்டறை பயன்படுத்தியது பழைய செம்பு. கட்டடங்களிலிருந்து கழற்றிய சுடுநீர்க் கலன்களின் உருளைகளை வெட்டி, விரித்து, தட்டி நேராக்கி அதில்தான் கிண்ணம் அடிப்பார்கள். இந்த ஆர்டருக்காக முதன்முறையாகப் புதுத் தகடு வாங்கினார்கள். விலைச்சீட்டில் '99.9 விழுக்காடு தூய செம்பு, மின்சாரத் தரம்' என்று இருந்தது. பழசைவிட இது மேலான சரக்கு என்று எல்லாரும் நம்பினார்கள். நம்பாமல் இருக்கக் காரணமும் இல்லை.

புகார்

முதல் 20 கிண்ணங்கள் ஆண்டின் நடுவில் விடுதிக்குப் போயின. விருந்தினர் கூட்டம் மிகுந்த உலர்காலம் அது. ன்ஷிமா எனும் மக்காச்சோளக் களியும், அதற்குத் தொட்டுக்கொள்ளத் தக்காளி வெங்காயக் குழம்பும் இந்தக் கிண்ணங்களில்தான் பரிமாறப்பட்டன.

சில வாரங்களில் விடுதியிலிருந்து செய்தி வந்தது. கிண்ணம் 'வியர்க்கிறது'. மேசை விரிப்பில் ஈர வளையம் விழுகிறது. கைப்பிடிக்கு அடியில் பச்சைப் புள்ளிகள் தோன்றுகின்றன, துடைத்தாலும் மறுநாள் திரும்ப வருகின்றன.

பட்டறையின் முதல் ஊகம், எந்தத் தட்டாரும் செய்யக்கூடிய ஊகம்: கைப்பிடியைக் கிண்ணத்தோடு ஒட்ட உருக்கி ஓடவிடும் உலோகமான பற்றாசு சரியாக ஓடவில்லை, ஒட்டிய இடத்தில் ஓட்டை இருக்கிறது. நான்கு கிண்ணங்களைத் திரும்ப வாங்கி, வெங்காரம் தடவி, மறுபடி சூடாக்கிப் பற்றாசு ஓடவிட்டார்கள். உள்ளே புதிதாக வெள்ளீயம் பூசி அனுப்பினார்கள். அந்த நான்கும் மற்றவற்றைவிட மோசமாகக் கசிந்தன. ஒன்றில் கைப்பிடியைச் சுற்றி மயிரிழை விரிசல் கண்ணுக்கே தெரிந்தது.

இந்தக் கட்டத்தில்தான் உலோகச் சோதனைக்காக என்னிடம் வந்தார்கள். ஜாம்பியாவில் சுரங்க ஆலைகளில் வேலை பார்க்கும் இந்திய உலோகவியலாளர்கள் பலர், அவர்களில் நானும் ஒருவன். கைவினைப் பாத்திரம் சோதனைக்கு வருவது வழக்கமில்லை.

பட்டறையில் பார்த்தது

முதலில் வேலை செய்யும் முறையைத் தொடக்கம் முதல் கடைசி வரை பார்க்க வேண்டியிருந்தது. குற்றம் இருந்த இடமும் அங்கேதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கைப்பிடி ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது 92.5 விழுக்காடு வெள்ளி, மீதி செம்பு. மெழுகில் விலங்கை வடித்து, சாந்துக் கலவையில் புதைத்து, சூளையில் மெழுகை எரித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் வெள்ளியை ஊற்றுகிறார்கள். வார்ப்பு முடிந்ததும் யானைத் தோலின் சுருக்கங்கள் வரை அப்படியே வந்துவிடும். அதற்குமேல் அரத்தை வைக்க அந்தப் பெண்ணுக்கு மனம் வராது. வைத்தால் சுருக்கம் அழிந்துபோகும்.

ஸ்டெர்லிங்கில் கலந்திருக்கும் செம்புதான் இங்கே தொல்லை. வெள்ளியைக் காற்றில் சூடாக்கும்போது ஆக்சிஜன் உள்ளே இறங்கி அந்தச் செம்பைப் பிடித்துக்கொள்ளும். மேற்பரப்புக்கு அடியில் ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு கறை படரும். அமிலத்தில் போட்டாலும் போகாது. அரத்தால் அராவித்தான் எடுக்க வேண்டும், அராவினால் சுருக்கம் போய்விடும். ஆகவே வெள்ளி வேலை அறிந்தவர்கள் ஆக்சிஜன் குறைவாகவும் எரிவாயு மிகுதியாகவும் உள்ள மென்மையான சுடரைப் பயன்படுத்துவார்கள். முதலாளியும் அப்படித்தான் செய்தார். அவர் சுடர் வைக்கும் கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொரு சிக்கல், இரண்டு உலோகங்களும் வெப்பத்தை விரைவாகக் கடத்துபவை. வெப்பம் கடத்துவதில் உலோகங்களில் வெள்ளி முதலிடம், செம்பு அதை அடுத்தது. கைப்பிடி ஒட்டும் இடத்தில் மட்டும் சூடேற்றினால் பற்றாசு ஓடாது, வெப்பம் கிண்ணம் முழுக்கப் பரவிவிடும். அதனால் கிண்ணத்தின் பாதியையாவது செக்கச் சிவக்கக் காய்ச்சி, பல நிமிடங்கள் அந்தச் சூட்டில் வைத்திருக்கிறார்கள். பெரிய கிண்ணம், கனமான யானை, இரண்டு பக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் செம்பு மிக நீண்ட நேரம் அந்த மென்மையான சுடருக்குள்ளேயே கிடக்கிறது.

பிறகு அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, கடைசியில் உள்ளே வெள்ளீயம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், பற்றாசு ஓடுவது 700 டிகிரியை ஒட்டி. எனவே இந்த வரிசையை மாற்ற முடியாது.

வேலைப் பெட்டியில் இருந்த பற்றாசுக் கம்பிகளையும் பார்த்தேன். பழைய கட்டு ஒன்றில் காட்மியம் கலந்த வகை இருந்தது. சூட்டில் அதன் புகை நுரையீரலை அழிக்கும், உணவுப் பாத்திரத்தில் அதற்கு இடமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2011லேயே பற்றவைப்புக் கம்பிகளில் அதைக் கட்டுப்படுத்திவிட்டது. இந்தக் கசிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும் அந்தக் கட்டு அன்றே ஒதுக்கப்பட்டது.

செம்புக்குள்ளே

கசிந்த கிண்ணம் ஒன்றை அறுத்தோம். கைப்பிடியிலிருந்து தொலைவில், சூடு அதிகம் படாத அடிப்பகுதியில் ஒரு கீற்று. கைப்பிடிக்கு அருகில் ஒரு கீற்று. முதல் கீற்று இரண்டாக மடித்துத் தட்டியும் உடையவில்லை. இரண்டாவது, செங்கோணம் வளைவதற்குள் மடிப்பு முழுக்க வாய்பிளந்தது. நல்ல செம்பு அப்படி உடையாது. பக்கத்தில் நின்ற அந்தப் பெண் கீற்றை வாங்கிப் பார்த்துவிட்டு, "பம்போ (ஐயா), இது பற்றாசு இல்லை, செம்பே செத்துவிட்டது" என்றார். ஆய்வுக்கூட அறிக்கை பின்னால் ஒரு பக்கத்தில் சொன்னதும் அதுதான்.

காப்பர்பெல்ட்டில் உள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில் மூன்று மாதிரிகளை மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தார்கள். வாங்கியபடியே இருந்த புதுத் தகட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன, செம்பு ஆக்சைடுத் துகள்கள் அவை. கைப்பிடி அருகிலிருந்த மாதிரியில் புள்ளிகளைக் காணோம். அவற்றுக்குப் பதில் படிக மணிகளின் எல்லையெங்கும் கறுத்த வெற்றிடங்கள் வரிசை கட்டியிருந்தன, சாந்து உதிர்ந்துபோன செங்கல் சுவர்போல. மூன்றாவது மாதிரி, விற்காமல் கிடந்த பழைய கிண்ணம் ஒன்றிலிருந்து எடுத்தது. அதே ஆள், அதே சுடர், அதே பற்றாசு. அதில் புள்ளியும் இல்லை, வெற்றிடமும் இல்லை.

காரணம் இதுதான். மின்சாரத் தரச் செம்பில் மிகச் சிறிய அளவில், அதிகம் போனால் 0.04 விழுக்காடு அளவுக்கு, ஆக்சிஜன் இருக்கும். மின்சாரம் கடத்த அது இடைஞ்சல் இல்லை என்பதால் வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். ஆக்சிஜன் குறைந்த எரிவாயுச் சுடரிலோ ஹைட்ரஜன் இருக்கிறது. காய்ந்து சிவந்த செம்புக்குள் ஹைட்ரஜன் எளிதாக நுழையும். உள்ளே ஆக்சைடைச் சந்தித்ததும் இரண்டும் சேர்ந்து நீராவியாகும். ஹைட்ரஜனால் உள்ளே வர முடிந்தது, நீராவி மூலக்கூறால் வெளியே போக முடியாது. அகப்பட்ட நீராவி அழுத்தி, மணிகளின் எல்லையைப் பிளந்துவிடும். எவ்வளவு நேரம் சூடு வைக்கிறோமோ அவ்வளவு ஆழம் இது இறங்கும். மறுபடி பற்றவைத்த நான்கு கிண்ணங்களும் இன்னும் மோசமானது அதனால்தான்: ஒவ்வொரு சரிசெய்தலும் நோயை இன்னும் ஆழமாக உள்ளே அனுப்பியது.

சுடுநீர்க் கலன் செய்வோர் இந்தச் செம்பைத் தொடமாட்டார்கள். கலனையும் குழாயையும் எப்படியும் பற்றவைக்க வேண்டியிருப்பதால், பாஸ்பரஸ் சேர்த்து ஆக்சிஜனை முன்னரே நீக்கிய செம்பைத்தான் வாங்குவார்கள். பட்டறை பழைய கலன்களை வெட்டி வேலை செய்த காலமெல்லாம், யாரும் அறியாமலேயே, பற்றவைப்புக்கு ஏற்ற செம்பில் வேலை நடந்திருக்கிறது. நேர்மையான சீட்டோடு வந்த புதுத் தகடுதான் ஏற்காத சரக்கு. இரண்டுமே 99.9 விழுக்காடு. விலைச்சீட்டு பொய் சொல்லவில்லை, வேலைக்கு வேண்டிய விவரம் அதில் இல்லை, அவ்வளவுதான்.

பச்சைப் புள்ளிகளுக்கும் விடை இதிலேயே இருந்தது. விரிசலுக்குள் புகுந்த அமிலம் கழுவியும் போகாமல் தங்கிவிட்டது. அதன்மேல் வெள்ளீயம் படிந்து மூடியது. தேய்ந்ததும் கசிவு தொடங்கியது, உள்ளிருந்த அமிலம் களிம்பாக வெளியே வந்தது.

எடுத்த முடிவுகள்

விடுதியில் இருந்த 20 கிண்ணங்களையும் உடனே திரும்பப் பெறுவது முதல் முடிவு. அழகுப் பொருளாக அடுக்கில் வைத்துக்கொள்கிறோம் என்று விடுதி மேலாளர் கேட்டார். முதலாளி ஒப்பவில்லை. பரிமாறும் பாத்திரம் என்று செய்தது என்றாவது ஒருநாள் மேசைக்கு வரும் என்பது அவர் எண்ணம். தக்காளிக் குழம்பு புளிப்பானது. வெள்ளீயம் போன இடத்தில் செம்பு உணவில் இறங்கும். அமெரிக்க உணவுத் துறையின் மாதிரி விதிகள் பி.எச். 6க்குக் கீழான உணவு செம்பைத் தொடக் கூடாது என்கின்றன. தக்காளி அதைவிட வெகுவாகக் கீழே நிற்பது.

அடுத்து, மீதி வேலையை எப்படிச் செய்வது. மூன்று வழிகள் இருந்தன.

பாஸ்பரஸ் செம்புத் தகட்டைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வரவழைப்பது நேரான வழி. ஆனால் விற்பவர் குறைந்தது இவ்வளவு என்று சொன்ன அளவு, பட்டறை ஓராண்டில் வாங்குவதைவிட அதிகம். வந்து சேரக் காலமும் ஆகும். வாங்கிய புதுத் தகடு முழுவதும் முடங்கிவிடும்.

சுடரை மாற்றி, ஆக்சிஜன் மிகுந்த சுடரில் பற்றவைப்பது இரண்டாவது. செம்பு பிழைக்கும். வெள்ளியில் கறை படியும், யானைத் தோலின் சுருக்கத்தை அராவி எடுக்க வேண்டிவரும். அந்தப் பெண் இதைக் கேட்டதுமே மறுத்துவிட்டார். வெள்ளிக்கு நல்லதான சுடர் செம்பைக் கொல்கிறது, செம்புக்கு நல்லதான சுடர் வெள்ளியைக் கெடுக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே தீயில் வைப்பதே தவறு என்று அப்போதுதான் பேச்சு திரும்பியது.

மூன்றாவது, தீயே இல்லாமல் சேர்ப்பது. ரிவெட் அடிப்பது, அதாவது துளையில் ஆணியைச் செருகி அதன் முனையைத் தட்டி விரித்து இறுக்குவது.

தொடக்கத்தில் முதலாளிக்கு இதில் மனம் ஒப்பவில்லை. ரிவெட் என்றால் கொதிகலன், பாலம், லாரி; வெள்ளி வேலையில் அது மட்டம் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. மாப்புங்குப்வே காண்டாமிருகத்தைப் பற்றிய பேச்சு அதைத் தளர்த்தியது. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ பகுதியில் மாப்புங்குப்வே குன்றின் கல்லறைகளில் 1930களில் கிடைத்த அந்தப் பொற்சிலை 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மரத்தில் செதுக்கிய உருவத்தின்மேல் பொன் தகடுகளைப் போர்த்தி, மிகச் சிறிய பொன் ஆணிகளால் பதித்திருக்கிறார்கள். பற்றவைப்பே இல்லை. மரம் உளுத்து மண்ணான பிறகும் தகடும் ஆணியும் நின்றன. ஆப்பிரிக்க உலோக வேலையில் விலங்கு என்றாலே முதலில் நினைவுக்கு வரும் உருவம் அது, ஆணியடித்துச் செய்தது. முதலாளிக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கைப்பிடிகளின் உருவம் மாறியது

ரிவெட் அடிக்க வேண்டுமானால் விலங்கின் கால் கிண்ணத்தின் சுவரில் பொருந்தி உட்கார வேண்டும். பழைய வடிவங்களில் அதற்கு இடம் இல்லை. யானை துதிக்கையாலும் பின்காலாலும் மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்தது, காட்டுநாய் பாய்ந்தபடி இருந்தது, சிறுத்தை வாலால் தொங்கியது. பற்றாசு எந்த முனையையும் பிடித்துக்கொள்ளும். ரிவெட்டுக்கு அகலமான அடி வேண்டும்.

எல்லா விலங்கையும் மறுபடி மெழுகில் வடிக்க வேண்டியதாயிற்று. செலவைக் குறைக்க, இணையத்தில் விற்கும் முப்பரிமாணக் கோப்பு ஒன்றை வாங்கி அச்சிட்டுப் பார்த்தார்கள். அழகாகத்தான் இருந்தது. முதுகு நடுவில் மேடாகவும் காது சிறிதாகவும் துதிக்கை நுனி ஒற்றை விரலாகவும் இருந்தது. அசல் ஆசிய யானை. விடுதியின் வழிகாட்டிகள் ஒரு பார்வையில் சிரித்திருப்பார்கள். கோப்பைக் கைவிட்டுக் கையாலேயே செய்தார்கள்.

புதிய யானை நான்கு காலும் ஊன்றி, கிண்ணத்தின் விளிம்பை நோக்கி ஏறுவதுபோல நின்றது. முன்கால்கள் இரண்டின் பாதத்திலும் ஒவ்வொரு துளை. பாதம் அகலமாக இருப்பதால் துளை கண்ணில் உறுத்தவில்லை. காட்டுநாய் பாய்ச்சலை விட்டுப் படுத்துக்கொண்டது. என் கருத்தில் பழைய சிறுத்தைதான் அழகு. ஆனால் புதிய யானை பழையதைவிட யானையாக இருந்தது, அதன் கனம் இப்போதுதான் தெரிந்தது.

செம்பு வேலையும் மாறியது. தகட்டை அடித்து எழுப்பும்போது அது இறுகும், இடையிடையே காய்ச்சி இளக்க வேண்டும். அதையும் இனி மென்மையான சுடரில் செய்யக் கூடாது. வெள்ளி அருகில் இல்லாததால் ஆக்சிஜன் சற்று மிகுந்த சுடரைத் தாராளமாக வைக்கலாம். கிண்ணத்தின்மேல் கறுப்பு ஏடு படியும், அமிலத்தில் கழுவினால் போய்விடும். சிவந்ததும் தண்ணீரில் முக்கிவிடுவது, தேவைக்குமேல் ஒரு நொடி சூடு வைக்காதிருப்பது. பிறகு உள்ளே வெள்ளீயம். கடைசியாக, வெள்ளீயம் பூசிய செம்பு ரிவெட்டுகளால், உள்பக்கம் வட்ட வில்லை வைத்து, உணவு மட்டத்துக்கு மேலே விளிம்பை ஒட்டிக் கைப்பிடியைப் பதிப்பது.

மின்வெட்டு

இதற்கிடையில் எதிர்பாராத இடத்திலிருந்து தாமதம் வந்தது. 2023-24 பருவத்தில் எல் நினோவால் மழை பொய்த்து, 2024 பிப்ரவரி 29 அன்று ஜாம்பியா வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தது. அப்போது நாட்டின் மின்சாரத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் நீர்மின்சாரம், அதில் கணிசமான பங்கு சாம்பெசியின் கரிபா அணை சார்ந்தது. ஆண்டின் பிற்பாதியில் பல இடங்களில் நாளுக்குச் சில மணி நேரமே மின்சாரம் வந்தது.

மெழுகு எரிக்கும் சூளை மின்சாரத்தில் ஓடியது. சாந்து அச்சை மெல்ல மெல்லச் சூடேற்றி 700 டிகிரிக்கு மேல் கொண்டுபோக ஓர் இரவு முழுக்க வேண்டும். பாதியில் மின்சாரம் போய் அச்சு ஆறி, மறுபடி சூடேறினால் சாந்தில் உள்ள கிறிஸ்டோபலைட் எனும் சிலிக்கா வகை சுருங்கி விரிந்து அச்சு வெடிக்கும். வெடித்த அச்சில் ஊற்றிய வெள்ளி, யானையின் முதுகில் செதில் செதிலாகப் பிதுங்கி நின்றது. அக்டோபரில் வெயில் சில நாள்கள் 40 டிகிரியை நெருங்க, காத்திருந்த மெழுகு யானைகளின் காதுகள் தொங்கத் தொடங்கின. அவற்றைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள்.

முதலாளி எரிவாயுவில் ஓடும் சூளை ஒன்றைத் தானே கட்டினார். வெப்பத்தைக் கையால் சீராக்க வேண்டும், இரவெல்லாம் ஒருவர் விழித்திருக்க வேண்டும். கொதிகலன் பிரிவில் வேலை பார்த்தவருக்கு அது பெரிய காரியமாக இருக்கவில்லை.

பின் நடந்தது

48 கிண்ணங்களும் இரண்டு தவணையாக, ஒப்புக்கொண்ட தேதியைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தன. தாமதத்துக்காக விடுதி ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டது. திரும்ப வந்த கிண்ணங்களின் வெள்ளியை அறுத்தெடுத்து உருக்கினார்கள். பற்றாசு கலந்த ஓரங்களைத் தனியே பிரித்தார்கள், அதில் கொஞ்சம் இழப்பு. வெடித்த செம்பைப் பழைய உலோகமாக விற்றார்கள். கணக்கை முடித்துப் பார்த்தபோது அந்த ஆர்டரில் பட்டறைக்கு லாபம் என்று ஒன்றும் நிற்கவில்லை.

2025 உலர்காலம் முடிந்த பிறகு கிண்ணங்களை மீண்டும் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. ஒன்றிலும் விரிசல் இல்லை. சிலவற்றில் ரிவெட் தளர்ந்து கைப்பிடி லேசாக ஆடியது. பணியாளர்கள் நிறைந்த கிண்ணத்தை ஒற்றைக் கைப்பிடியில் தூக்கியதன் விளைவு. பட்டறையிலேயே தட்டி இறுக்கிக் கொடுத்தார்கள். உள் அடியில் வெள்ளீயம் தேய்ந்திருந்தது, அதற்கு எஃகுக் கரண்டி காரணம். விடுதி மரக் கரண்டிக்கு மாறியது.

ரிவெட்டால் கிடைத்த ஒரு நன்மையை யாரும் முன்கூட்டி நினைக்கவில்லை. மறுபடி வெள்ளீயம் பூசும்போது உருகிய வெள்ளீயம் பட்டால் வெள்ளி கெட்டுவிடும். பற்றவைத்த கைப்பிடியாக இருந்தால் அதைத் தப்பிக்க வைப்பது பெரும்பாடு. இப்போது ரிவெட்டைத் துளைத்து எடுத்து, கைப்பிடியைத் தனியே வைத்துவிட்டு, கிண்ணத்தை மட்டும் பூசி, புது ரிவெட் அடித்துவிடலாம். இதைச் சொல்லியே பட்டறை இப்போது விடுதிகளிடம் ஆண்டுப் பராமரிப்பு வேலையும் பெறுகிறது.

இனி மாற்ற வேண்டியவை

தகடு வாங்கும்போது தூய்மை எவ்வளவு என்று கேட்பதால் பயனில்லை, தர எண்ணைக் கேட்க வேண்டும். சி11000 என்றால் ஆக்சிஜன் உள்ள மின்சாரச் செம்பு. சி12200 என்றால் பாஸ்பரஸால் ஆக்சிஜன் நீக்கியது. தீயில் சேர்க்கப்போகும் வேலைக்கு இரண்டாவதுதான். விற்பவருக்கு எண் தெரியவில்லை என்றால், குளிர்சாதனக் குழாய் வேலை செய்பவர்கள் எங்கே வாங்குகிறார்கள் என்று விசாரிப்பது நல்ல குறுக்குவழி.

எண்ணே இல்லாத தகடு கைக்கு வந்தால் ஒரு கீற்றை வெட்டி, வழக்கமாகப் பற்றவைக்கும் அதே சுடரில் சில நிமிடம் சிவக்க வைத்து, ஆறியபின் மடித்துப் பார்த்தால் போதும். பிளந்தால் அந்தத் தகடு வேண்டாம். பைசா செலவில்லாத இந்தச் சோதனையை, புதுத் தகடு வந்த முதல் நாளே செய்திருந்தால் 20 கிண்ணங்கள் தப்பியிருக்கும். இப்போது ஒவ்வொரு தகட்டின் மடித்த கீற்றையும் தேதி எழுதிச் சுவரில் மாட்டுகிறார்கள்.

கசிந்த பாத்திரத்தை அறுத்துப் பார்க்காமல் மறுபடி சூடாக்கக் கூடாது என்பதையும் பட்டறை வழக்கமாக்கிக்கொண்டது. மொத்த ஆர்டருக்கு முன் ஒரே ஒரு கிண்ணத்தைக் கொடுத்து, உண்மையான சாப்பாட்டு மேசையில் ஒரு மாதம் ஓடவிட வேண்டும் என்று இப்போது ஒப்பந்தத்திலேயே எழுதுகிறார்கள். ஒரு விடுதி இதற்கு மறுத்தது, அந்த ஆர்டரை விட்டுவிட்டார்கள்.

மூடிக் குமிழ்கள் மட்டும் இன்னும் தீராமல் கிடக்கின்றன. எறும்புதின்னி சுருண்டு கிடக்கும் உருவம். அகலமான அடி அதற்கு இல்லை, அடியைக் கூட்டினால் சுருள் கெடுகிறது. இவற்றுக்காக மட்டும் சி12200 தகட்டைச் சிறிய அளவில், லுசாகாவில் குளிர்சாதன வேலை செய்யும் ஒருவரிடமிருந்து பங்கிட்டு வாங்கி, பழையபடி மென்மையான சுடரில் பற்றவைக்கிறார்கள். முதல் தொகுதி மூடிகள் இந்தப் பருவத்தில்தான் மேசைக்குப் போகின்றன.